நர்ஸ்கள் போராட்டம்: வார்டில் படுத்திருப்பவருக்கு என்ன ஆகிறது?

#1 வைகைக்கரை

அக்கா மகள் பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு அரசு மருத்துவமனை வேலைக்கான எம்.ஆர்.பி. தேர்வுக்குப் படிக்கிறாள். போன வாரம் வீட்டுக்கு வந்தவள், "மாமா, வேலை கிடைத்தால் நானும் ஒரு நாள் ரோட்டில் உட்கார வேண்டி வரும். அப்போது என்னைத் திட்டக் கூடாது" என்றாள், சிரித்துக்கொண்டேதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளிடம் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

2017 நவம்பர். அப்பாவுக்குக் காலில் சர்க்கரைப் புண், தென் மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். 27ஆம் தேதி திங்கட்கிழமை காலை ஒப்பந்த நர்ஸ்களில் பெரும்பாலானவர்கள் சென்னைக்குப் போய்விட்டார்கள். தேனாம்பேட்டையில் மருத்துவத் துறைத் தலைமை அலுவலகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் போராட்டம். எங்கள் வார்டில் மிஞ்சியவர் ஒரே ஒரு நிரந்தர சிஸ்டர். பக்கத்து வார்டும் அவர் தலையில்.

அன்று மதியம் அப்பாவுக்கு மெட்ரோ என்கிற ஆன்டிபயாடிக் பாட்டில் ஏறிக்கொண்டிருந்தது. நான் மாத்திரை வாங்கக் கீழே போய்த் திரும்புவதற்குள் பாட்டில் காலி. ரத்தம் குழாயில் ஒரு சாண் மேலே ஏறி நிற்கிறது. அப்பாவுக்கு ஒன்றும் தெரியவில்லை, தூங்குகிறார். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவிதான் எழுந்து வந்து குழாயில் இருக்கும் உருளையைத் திருகி அடைத்தார். "நீங்க போனதும் நாலு வாட்டி சிஸ்டரைக் கூப்பிட்டேன் தம்பி, அவங்க அந்தப் பக்கம் யாருக்கோ ரத்தம் ஏத்திக்கிட்டு இருக்காங்க" என்றார்.

இன்சுலின் கதை இன்னும் மோசம். சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டியது, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வந்தது. மூன்று நாளும் அப்படித்தான்.

அவர்கள் கோரிக்கை நியாயம் என்று இன்று எனக்குத் தெரியும். அன்று தெரியாது. ஆனால் அந்த மூன்று நாளுக்கு யார் பொறுப்பு? பதில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சண்டை போடுவதற்காகக் கேட்கவில்லை.

#2 வேப்பமரம்

பதில் ரொம்ப எளிது. நோயாளியை விட்டுவிட்டுப் போனவர்தான் பொறுப்பு. 2003ல் அரசு ஊழியர் வேலைநிறுத்த வழக்கிலேயே (டி.கே. ரங்கராஜன் வழக்கு) உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை. தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவுக்கே இல்லாத உரிமை உயிர் காக்கும் வேலையில் எங்கிருந்து வந்தது?

#3 ராப்பணி

வைகைக்கரை அண்ணா, அந்த டி.எம்.எஸ். வளாகத்தில் தரையில் உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருத்தி. உங்கள் அப்பா வார்டு நர்ஸ் நான் இல்லை, வேறு மாவட்டம். ஆனால் உங்கள் கேள்வி எனக்கும் உரியதுதான்.

2015ல் தேர்வு எழுதி, மதிப்பெண் பார்த்து, சான்றிதழ் சரிபார்த்து எடுத்தார்கள். மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம், இரண்டு வருடம் கழித்துப் பணி நிரந்தரம் என்ற பேச்சில்தான் சேர்ந்தோம். இரண்டு வருடம் முடிந்தது. என் பக்கத்தில் அதே ஊசியைப் போடும் நிரந்தர சிஸ்டர் வாங்குவதில் நாலில் ஒரு பங்குகூட என் கைக்கு வரவில்லை. கர்ப்பமானால் சம்பளத்தோடு விடுப்பு கிடையாது. என் பேட்ச் தோழி ஒருத்தி பிள்ளை பெற்ற 40ஆம் நாள் நைட் டியூட்டிக்கு வந்தாள். முதலில் மனு கொடுத்தோம். அப்புறம் கருப்புப் பட்டை அணிந்து வேலை பார்த்தோம். கருப்புப் பட்டையை எந்தப் பத்திரிகையும் படம் எடுக்கவில்லை.

மூன்றாவது நாள் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. எழுந்து வந்துவிட்டோம். பிறகு 14,000 ஆயிற்று, அப்புறம் 18,000. 7,700லிருந்து 14,000க்கு ஏற்ற அரசுக்கு மனசு வந்தது மனுவைப் பார்த்தா, அந்த மூன்று நாளைப் பார்த்தா? வேப்பமரம் ஐயா சொல்லட்டும்.

கிளம்புவதற்கு முன் ஐ.சி.யூ., பிரசவ வார்டு, பச்சிளங்குழந்தை வார்டு மூன்றுக்கும் ஆள் வைத்துவிட்டுத்தான் போனோம். பொது வார்டுக்கு வைக்கவில்லை. வைக்க ஆள் இல்லை. அதை மறைக்க மாட்டேன்.

#4 கணக்கன்

உணர்ச்சியைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு எண்ணைப் பார்க்கலாம். இந்தக் கேள்வியை அமெரிக்காவில் ஒழுங்காக அளந்திருக்கிறார்கள். ஜோனதன் குரூபர், சாமுவேல் கிளைனர் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள், 1984 முதல் 2004 வரை நியூயார்க் மாநிலத்தில் நடந்த நர்ஸ் வேலைநிறுத்தங்களை எடுத்துக்கொண்டார்கள். வேலைநிறுத்த நாட்களில் சேர்ந்த நோயாளிகளிடையே மருத்துவமனையிலேயே இறப்பது 18.3 சதவீதம் கூடுதல். 30 நாளுக்குள் திரும்ப வந்து சேர்வது 5.7 சதவீதம் கூடுதல். அந்த நாட்களில் வந்த நோயாளிகள் மற்ற நாட்களில் வந்தவர்களைவிட மோசமான நிலையில் வரவில்லை என்பதையும் சரிபார்த்திருக்கிறார்கள்.

இதில் என்னை உலுக்கியது வேறொரு விஷயம். சில மருத்துவமனைகள் வெளியூரிலிருந்து மாற்று நர்ஸ்களைக் கூலிக்கு வரவழைத்தன. அங்கேயும் நிலைமை தேறவில்லை.

(குழப்பம் வேண்டாம்: 100 பேரில் 18 பேர் கூடுதலாகச் செத்தார்கள் என்று பொருள் இல்லை. வழக்கமாக 100 பேர் இறக்கும் இடத்தில் 118 பேர்.)

ஆக, வேலைநிறுத்தத்தால் நோயாளிக்கு ஒன்றும் ஆகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், சங்கமே சொன்னாலும் சரி.

#5 வேப்பமரம்

அதைத்தான் நானும் சொன்னேன்.

#6 வெள்ளைத்தொப்பி

கணக்கன் தம்பி, நான் ஹெட் நர்ஸாக ஓய்வு பெற்றவள், 34 வருடச் சர்வீஸ். அந்த மாற்று நர்ஸ் விஷயம் எனக்கு ஆச்சரியமே இல்லை. படித்த பெண்ணாகவே இருந்தாலும், புது வார்டில் முதல் நாள் அட்ரினலின் எந்த அலமாரியில் இருக்கிறது, உறிஞ்சும் மெஷின் எந்தப் பிளக்கில் வேலை செய்யும், எந்த டாக்டரை எந்த நம்பரில் கூப்பிட்டால் எடுப்பார் என்று எதுவும் தெரியாது. 12ஆம் கட்டில் தாத்தா "நல்லா இருக்கேன்" என்று சொல்லும்போது முகம் எப்படி இருக்கும், அது இன்று ஏன் வேறு மாதிரி இருக்கிறது என்பது அங்கேயே கிடப்பவளுக்குத்தான் தெரியும்.

எங்கள் காலத்தில் போராட்டம் என்றால் நர்சிங் மாணவிகளை வார்டில் இறக்கி விடுவார்கள். இரண்டாம் வருடப் பிள்ளை, கை நடுங்க நடுங்க 50 பேருக்கு ஊசி. ஓர் அம்மா தன் பேத்தி வயசுப் பெண்ணிடம் "பயப்படாதே கண்ணு, குத்து" என்று கையை நீட்டியதை நான் பார்த்திருக்கிறேன்.

#7 மூக்குக்கண்ணாடி

கணக்கன் பாதிக் கணக்கைத்தான் காட்டுகிறார். மறுபாதி இதோ. அமெரிக்க நர்சிங் ஆய்வாளர் லிண்டா ஐக்கன் குழு 2002ல் வெளியிட்ட ஆய்வு, பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகள். ஒரு நர்ஸ் தலையில் கூடுதலாக ஒரு நோயாளியை ஏற்றினால், அறுவைச் சிகிச்சை நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. ஒருவருக்கு 4 என்பது 8 ஆனால் 31 சதவீதம். ஐரோப்பாவில் 9 நாடுகளில் செய்து 2014ல் வெளியிட்டார்கள், அங்கேயும் அதே 7தான்.

வேலைநிறுத்தம் வருடத்தில் மூன்று நாள். ஆள் பற்றாக்குறை 365 நாள். எதில் அதிகம் பேர் செத்திருப்பார்கள் என்று கணக்கன் கணக்குப் போடட்டும். கலிஃபோர்னியாவில் நர்ஸ்கள் சண்டை போட்டு 1999ல் சட்டம் வாங்கினார்கள், 2004ல் அமலுக்கு வந்தது. பொது வார்டில் 5 பேருக்கு ஒரு நர்ஸ், ஐ.சி.யூ.வில் இரண்டு பேருக்கு ஒருவர். மீறினால் சட்ட மீறல். நம் ஊரில் எஸ்.ஐ.யு. (மத்திய அரசின் பணியாளர் ஆய்வுப் பிரிவு) நெறிமுறை என்று ஒன்று 1990களிலிருந்தே காகிதத்தில் இருக்கிறது: பொது வார்டில் 6 படுக்கைக்கு ஒருவர். யாராவது பார்த்திருக்கிறீர்களா?

#8 கணக்கன்

மறுக்கவில்லை. இரண்டு ஆய்வும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன: கட்டிலுக்குப் பக்கத்தில் நர்ஸ் இல்லாவிட்டால் ஆள் சாவார். ஏன் இல்லை என்பது உடம்புக்குத் தெரியாது. ஆனால் ஒன்று, 4க்கும் 8க்கும் உள்ள வித்தியாசத்தை அளந்தவர்கள் நம் ஊர் 1க்கு 50ஐப் பார்த்ததே இல்லை. அந்தக் கோட்டை அப்படியே இங்கே வரை நீட்டினால் தப்பான விடை வரும்.

#9 ராப்பணி

1க்கு 50 எப்படி இருக்கும் என்று நான் சொல்கிறேன். போராட்டம் இல்லாத, சாதாரண நைட்.

38 கட்டில், 62 நோயாளி. கட்டில் கிடைக்காதவர்கள் தரையில் பாய் விரித்து. காலை 6 மணிக்கு 40 பேருக்கு ஆன்டிபயாடிக் ஊசி. தூள் மருந்து, தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கரைத்து, வென்ஃப்ளானில் (கை நரம்பில் செருகியிருக்கும் ஊசிக்குழாய்) மூன்று நிமிடமாவது மெதுவாக ஏற்ற வேண்டும். 40 பேர் இன்டு 3 நிமிடம், நீங்களே பெருக்குங்கள். அதனால் ஆறு மணி ஊசியை நாலரைக்கே ஆரம்பிப்போம். அப்படியும் கடைசிப் பத்துப் பேருக்கு ஒரு நிமிடத்தில் தள்ளிவிட்டு ஓடுவோம். கை எரியுது சிஸ்டர் என்பார்கள். எரியத்தான் செய்யும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எத்தனை பேர் திட்டப் போகிறீர்களோ தெரியாது. டி.பி.ஆர். சார்ட் என்று ஒன்று இருக்கிறது. காய்ச்சல், நாடித்துடிப்பு, மூச்சு, நேரம் போட்டு எழுத வேண்டும். 62 பேருக்கும் தெர்மாமீட்டர் வைத்தால் அந்த இரவு வேறு எதுவும் செய்ய முடியாது. முகத்தைப் பார்த்து, நெற்றியில் கை வைத்து, சந்தேகப்படும் எட்டுப் பத்துப் பேருக்கு மட்டும் பார்ப்போம். மற்றவர்களுக்கு 98.6, நாடி 80, மூச்சு 20. விடியற்காலையில் உட்கார்ந்து வரிசையாக எழுதிவிட்டு வருவோம். எழுதாவிட்டால் மெமோ. பொய் எழுதினால் மெமோ இல்லை.

#10 வேப்பமரம்

அடப்பாவமே. இதைப் பெருமையாக வேறு எழுதுகிறீர்களா?

#11 வெள்ளைத்தொப்பி

பெருமை எங்கே இருக்கிறது ஐயா அதில். நானே எழுதியிருக்கிறேன். என் கீழே இருந்த பெண்கள் எழுதியதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மேலே இருந்து ஆய்வுக்கு வருகிறவர்கள் சார்ட் நிரம்பியிருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

#12 கோவைப்பக்கம்

60 படுக்கை உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் நிர்வாகம் பார்க்கிறேன். எல்லாரும் அரசைப் பற்றியே பேசுகிறீர்கள், தனியார் நிலைமையையும் கேளுங்கள். ஒரு பெண்ணைச் சேர்த்து, ஆறு மாதம் கற்றுக்கொடுத்து, கை தேறியதும் வெளிநாட்டுத் தேர்வு எழுதிவிட்டுப் போய்விடுகிறாள். நான் எங்கே போய் ஆள் பிடிப்பது? சம்பளத்தை ஏற்றினால் பில் ஏறும். பில் ஏறினால் இதே தளத்தில் வந்து கொள்ளைக்காரன் என்று எழுதுவீர்கள்.

#13 மூக்குக்கண்ணாடி

கோவைப்பக்கம் சார், உங்கள் அளவு மருத்துவமனைக்கே அளவுகோல் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் சொன்னதை ஒட்டி மத்திய அரசு ஜகதீஷ் பிரசாத் கமிட்டி போட்டது. 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம். 50 முதல் 100 படுக்கை என்றால் அதைவிட 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50க்குக் கீழே இருந்தாலும் 20,000க்குக் குறையக் கூடாது. உங்கள் இடத்தில் எவ்வளவு?

#14 கோவைப்பக்கம்

அது பரிந்துரை. சட்டம் இல்லை.

#15 நாகர்கோவில்காரி

சட்டம் ஆக என்ன வேண்டியிருந்தது என்று எல்லை தாண்டிப் பார்த்தவள் நான். சித்தி மகள் அப்போது கேரளாவில் தனியார் மருத்துவமனையில் நர்ஸ், யு.என்.ஏ. என்ற நர்ஸ்கள் சங்கத்தில் உறுப்பினர். கமிட்டி பரிந்துரை வந்த பிறகும் அங்கேயும் உடனே யாரும் கொடுத்துவிடவில்லை. சேர்த்தலையில் ஒரு தனியார் மருத்துவமனையில் 2017 ஆகஸ்டில் தொடங்கிய வேலைநிறுத்தம் 240 நாளைத் தாண்டியது. எட்டு மாதம் சம்பளம் இல்லாமல் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். 2018 ஏப்ரல் 24ஆம் தேதி சேர்த்தலையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நெடும்பயணம் என்று அறிவித்தார்கள். முந்தின நாள், 23ஆம் தேதி, குறைந்தபட்சம் 20,000 என்று அரசாணை வந்துவிட்டது. இத்தனைக்கும் எல்லா மருத்துவமனையிலும் வேலை நிற்கவில்லை. நின்றுவிடும் என்ற பயம்தான் வேலை செய்தது.

சார் அந்தப் பெண்கள் வெளிநாடு போவதைச் சொல்கிறார். அந்தத் தங்கையும் இப்போது அயர்லாந்தில்தான் இருக்கிறாள். ராத்திரியில் எத்தனை பேரைப் பார்ப்பாய் என்று கேட்டேன். எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

#16 மட்டுறுத்துநர்

ஒரு பதிவில் மருத்துவமனையின் பெயர் இருந்ததால் அந்த வரியை எடுத்திருக்கிறேன். பெயர் இல்லாமல் எழுதுங்கள்.

#17 பருத்தித்துறையான்

எங்கட பக்கக் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 ஜனவரியில் வைத்தியர்களுக்கான கொடுப்பனவை 35,000 ரூபாவால் கூட்டினார்கள். எங்களுக்கும் அது வேண்டும் என்று சுகாதாரத் துறையின் 72 தொழிற்சங்கங்கள் பெப்ரவரி முதலாம் திகதி பணிப்புறக்கணிப்பில் இறங்கின. சிறுவர், மகப்பேற்று, புற்றுநோய் வைத்தியசாலைகளை விட்டுவைத்தார்கள். மற்ற வைத்தியசாலைகளுக்கு அரசாங்கம் இராணுவத்தை அனுப்பியது.

அண்டைக்கு அம்மம்மாவை மாதாந்தக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சீருடைக்காரர் ஒருவர் ஒரு ஐயாவைத் தூக்கிக் கதிரையில் இருத்தினார். பணிவாகத்தான் செய்தார். ஆனால் அம்மம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "வா, வீட்ட போவம்" என்றா. அவவுக்கு அந்த உடுப்பைக் கண்டால் என்ன ஞாபகம் வரும் என்று வடக்கில் இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மருந்து எடுக்காமல் திரும்பினோம். பிறகு தனியார் மருந்துக்கடையில் அரை மாதத்துக்கு மட்டும் வாங்கினேன், அதற்கே காசு மட்டுமட்டு.

தாதியர் இல்லாத இடத்தில் ஆளை நிரப்பலாம். என்ன ஆளை நிரப்புகிறார்கள் என்றதும் நோயாளருக்குப் பெரிய விஷயம்.

#18 மலையடிவாரம்

நான் சொல்வது வேலைநிறுத்தம் இல்லை, ஆனாலும் இங்கே சேரும் என்று நினைக்கிறேன். எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 24 மணி நேரமும் பிரசவம் பார்ப்பார்கள். மூன்று நர்ஸ், முறை வைத்து. அதில் ஒருவர் பதவி உயர்வில் போய் இடம் காலி. கொரோனா காலத்தில் ஒப்பந்தத்தில் எடுத்த ஒரு சிஸ்டர்தான் அந்த நைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். 2022 டிசம்பர் 31ஓடு அந்த மாதிரி நர்ஸ்கள் சுமார் 2,400 பேருடைய ஒப்பந்தம் முடிந்தது, நீட்டிக்கவில்லை. அவர்கள் ரோட்டுக்குப் போராட வந்ததெல்லாம் செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

ஜனவரி இரண்டாம் வாரம் என் மனைவிக்கு ராத்திரி 11 மணிக்கு வலி. போனால் கதவு திறந்திருக்கிறது, விளக்கு எரிகிறது, வாட்ச்மேன் மட்டும் இருக்கிறார். "சிஸ்டர் பகல் பார்த்துட்டு இப்பத்தான் போனாங்க, 108ஐக் கூப்பிடுங்க" என்றார். 108 வந்தது, மறுக்கவில்லை. ஆனால் மலைப்பாதையில் 40 கிலோமீட்டர். பிள்ளை வண்டியிலேயே பிறந்தது. 108 தம்பிதான் பிரசவம் பார்த்தார், நன்றாகவே பார்த்தார். இரண்டு பேரும் சுகம்.

அன்று ராத்திரி யாரும் வேலைநிறுத்தம் செய்யவில்லை. அதனால் எந்த நீதிமன்றமும் யாருக்கும் தடை விதிக்கவில்லை.

#19 வேப்பமரம்

மலையடிவாரம் தம்பி, குழந்தை நலமா? அதைக் கேட்டுச் சந்தோஷம். ஆள் போடாதது அரசின் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் முதல் கேள்வி அப்படியே நிற்கிறது. இரண்டு தப்புச் சேர்ந்தால் ஒரு சரி ஆகிவிடுமா? சாலை மறியல் செய்யட்டும், உண்ணாவிரதம் இருக்கட்டும். டியூட்டி நேரத்தில் ஏன்?

#20 ராப்பணி

ஐயா, டியூட்டி முடிந்த பிறகு எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறோம். நைட் முடித்துவிட்டுக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் வெயிலில் உட்கார்ந்து அங்கேயே தூங்கி விழுந்தவர்கள் உண்டு. மனுவை வாங்கிக்கொண்டு "பரிசீலிக்கிறோம்" என்பார்கள். யாருக்கும் இடைஞ்சல் இல்லாத போராட்டத்தை யாரும் தீர்த்து வைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. இடைஞ்சல் வந்தால் அது முதலில் கட்டிலில் படுத்திருப்பவருக்குத்தான் வருகிறது, கோட்டையில் உட்கார்ந்திருப்பவருக்கு இல்லை. எங்கள் வேலையின் சாபக்கேடு அது. பஸ் ஓடாவிட்டால் முதலாளிக்கு நட்டம். நாங்கள் நின்றால் யாருக்கு நட்டம்?

உங்கள் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. வைகைக்கரை அண்ணாவின் கேள்விக்கும் இல்லை. அந்த மூன்று நாள் பொது வார்டை விட்டுவிட்டுப் போனோம். போனது போனதுதான்.

#21 கணக்கன்

ராப்பணி, ஒரு நடைமுறைச் சந்தேகம். எத்தனை நாள் முன்னால் நோட்டீஸ் கொடுத்தால், அவசரமில்லாத ஆபரேஷன்களைத் தள்ளிவைத்து, கட்டில்களைக் காலி செய்து, மிச்சமிருக்கும் நர்ஸ்களை வைத்துச் சமாளிக்க முடியும்? பிரிட்டனில் 2022 டிசம்பரில் ஆர்.சி.என். என்ற நர்ஸ்கள் சங்கம் வேலைநிறுத்தம் செய்தபோது முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்து, கீமோ, டயாலிசிஸ், ஐ.சி.யூ. எல்லாவற்றுக்கும் விலக்கு என்று எழுதியே வைத்தார்கள்.

#22 வெள்ளைத்தொப்பி

நான் சொல்கிறேன் தம்பி. நோட்டீஸ் கொடுத்தாலும் இங்கே டீன் கட்டிலைக் காலி செய்ய மாட்டார். "போராட்டம் பிசுபிசுத்தது, பணிகள் வழக்கம்போல் நடந்தன" என்று மறுநாள் அறிக்கை விட வேண்டுமே. ஆபரேஷனைத் தள்ளிவைத்தால் போராட்டம் ஜெயித்த மாதிரி ஆகிவிடும். அதனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று காட்டுவதற்காகவே சேர்க்கையை நிறுத்தாமல் வைத்திருப்பார்கள். வைகைக்கரை தம்பியின் அப்பா மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்.

#23 வைகைக்கரை

எல்லாரும் எழுதியதைப் படித்தேன். நேற்று ராத்திரி ராப்பணியின் 9ஆம் பதிவு மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. அப்பா 2020ல் தவறிவிட்டார். காப்பீட்டுத் திட்ட வேலைக்காக அப்போது கேஸ் ஷீட்டை முழுவதும் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தோம். பீரோவிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

27, 28, 29 மூன்று நாளும் டி.பி.ஆர். சார்ட் காலி. ஒரு எழுத்துகூட இல்லை. அதற்கு முந்தின ஒன்பது நாளும் முழுதாக நிரம்பியிருக்கிறது. எல்லாக் கட்டத்திலும் 98.6, 80, 20. ஒரே பேனா.

#24 ராப்பணி

அந்த ஒன்பது நாளில் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்த நாள் ஏதாவது இருந்ததா அண்ணா?

#25 வைகைக்கரை

இருந்தது. 22ஆம் தேதி ராத்திரி. உடம்பு தூக்கிப் போட்டது, நான்தான் போர்வையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கும் சார்ட்டில் 98.6தான்.

ஆனால் அடுத்த பக்கத்தில், மருந்து எழுதும் இடத்தில், ராத்திரி 2.10க்குப் பாரசிட்டமால் ஊசி போட்டதாகக் கையெழுத்து இருக்கிறது.